இனாமா, ஊதியமா?

சிற்றுண்டிச் சாலையில் உண்டு முடித்ததும், சோம்பும் கற்கண்டும் வைத்த தட்டில் பில் வருகிறது. மீதிச் சில்லறையில் சிறிது எடுத்துக்கொண்டு, சிறிது விட்டுவிட்டு எழுந்து விடுகிறோம். அக்காசு எத்தகையது என்று நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. மனமுவந்து தரும் இனாமா அது? அன்றி, விடுதியின் முதலாளி கொடுக்க வேண்டிய கூலியில் ஒரு பகுதியை நாம் கொடுத்துவிட்டுப் போகிறோமா? இவ்வினாவுக்கு மிகத் தெளிவான விடையும், மிகக் கசப்பான விடையும் அமெரிக்க ஐக்கிய நாடுகளின் வரலாற்றில் கிடைக்கின்றன.

வழக்கம் ஐரோப்பாவில் தோன்றியது. பிரெஞ்சு மொழியில் இதற்குள்ள சொல் ‘குடிப்பதற்கு’ என்று பொருள்படும். ஜெர்மானியர் ‘குடிகாசு’ என்பர். ‘காப்பிச் செலவுக்கு ஏதாவது’ என்று நம்மூரில் தலையைச் சொறிவதும் இவ்வழிப்பட்டதே. விரைவான பணியை உறுதி செய்யும் காசு என்னும் பொருளுடைய ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துக்கள் சேர்ந்தே ‘டிப்’ ஆயிற்று என்று ஒரு கதை உலவுகிறது. மொழிநூல் வல்லுநர் அதனை ஏற்பதில்லை. பெயர்களிலெல்லாம் ஒருவேளைத் தாகந்தான் தெரிகிறதேயன்றி, ஒரு குடும்பத்தின் மாதச் செலவு தெரியவில்லை என்பதை மட்டும் குறித்துக் கொள்வோம்.

அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் 1865-இல் முடிந்தது. அடிமை முறை சட்டப்படி ஒழிந்தது. ஐரோப்பாவைச் சுற்றி வந்த செல்வர்கள் இனாம் கொடுக்கும் பழக்கத்தையும் தங்கள் பெட்டிகளோடு கொண்டு வந்தனர். விடுதலை பெற்ற கறுப்பின மக்களுக்கோ கையில் நிலமில்லை. திறந்திருந்த வேலைகளும் சிலவே. உணவு விடுதிகளும் இரயில்வேயும் அவர்களை ஏற்றன. கூலியைக் குறைத்து, பிரயாணிகளின் கைக்காசை நம்பச் செய்தன.

இவற்றுள் பெரிய எடுத்துக்காட்டு புல்மன் கம்பெனி. ஜார்ஜ் புல்மன் 1867-இல் நிறுவிய அந்நிறுவனம், படுக்கை வசதியுள்ள இரயில் பெட்டிகளை நாடெங்கும் ஓட்டியது. படுக்கை விரிப்பதும், மூட்டை சுமப்பதும், பிரயாணிகள் உறங்கும் வேளையில் அவர்தம் பூட்சுக்கு மெருகிடுவதும் போர்ட்டரின் வேலை. மெருகு வாங்கும் காசு அவருடையது; சாப்பாட்டுச் செலவும் அவருடையதே. மாதத்தில் ஏறக்குறைய 400 மணி நேரம் உழைப்பு. அவருக்குச் சொந்தப் பெயர் இருந்ததாகவே பலர் கருதவில்லை. ‘ஜார்ஜ்’ என்று முதலாளியின் பெயராலேயே எல்லோரையும் அழைத்தனர். அடிமையை எசமானன் பெயரால் அழைத்த பழைய பழக்கத்தின் எச்சம் இது.

1915-இல் தொழில் உறவுகள் பற்றிய அரசாங்க விசாரணைக் குழு இந்நிலையை ஆராய்ந்தது. போர்ட்டரின் மாதச் சம்பளம் 27 டாலர் 50 செண்ட் என்பது அங்கே வெளிப்பட்டது. கம்பெனியின் சார்பில் சாட்சியம் அளித்தவர்களுள் ஒருவர் இராபர்ட் லிங்கன்; அடிமைகளை விடுவித்த ஆபிரகாம் லிங்கனின் மகன். வரலாறு சில சமயம் இப்படியும் பாத்திரங்களைத் தேர்ந்தெடுக்கிறது!

இவ்வழக்கம் குடியரசுக்கு இழுக்கு என்று எண்ணியவரும் இல்லாமலில்லை. வாஷிங்டன் மாநிலம் 1909-இல் இனாமைச் சட்டத்தால் தடுத்தது. மிசிசிப்பி, ஆர்க்கன்சா, அயோவா, தென் கரோலினா, டென்னசி ஆகியவை பின்தொடர்ந்தன. 1916-இல் வில்லியம் ஸ்காட் என்பார் இதனைக் கண்டித்துத் தனி நூலே எழுதினார். ஆயினும் 1926-க்குள் அச்சட்டங்கள் யாவும் மறைந்தன. கொடுப்பவரையும் வாங்குபவரையும் தடுத்தனவேயன்றி, கூலியை அவை தொடவில்லை. அவை நிலைக்காமற் போனதில் நமக்கு வியப்பில்லை.

கூலியைத் தொட்டது தொழிலாளர் சங்கம். 1925-இல் நியூயார்க்கில் போர்ட்டர்களின் சங்கம் தோன்றியது. ஏ. பிலிப் ராண்டால்ஃப் அதன் தலைவரானார். அவர் போர்ட்டர் அல்லர். ஆகவே கம்பெனி அவரை வேலையினின்று நீக்கவும் இயலாது! கையேந்திப் பெறும் காசுக்கு மாறாக வாழ்க்கைக்குப் போதிய ஊதியம் வேண்டும் என்பது அவர் வாதம். பன்னிரண்டு ஆண்டுப் போராட்டத்துக்குப் பின் 1937-இல் ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. ஊதியம் உயர்ந்தது, மாத உழைப்பு 240 மணியாகக் குறைந்தது.

உணவு விடுதிச் சிப்பந்திகளுக்கு அத்தகைய வெற்றி வாய்க்கவில்லை. 1938-இல் குறைந்தபட்சக் கூலியாக மணிக்கு 25 செண்ட் விதித்த சட்டம் அவர்களில் பெரும்பாலோரைக் கணக்கிலேயே சேர்க்கவில்லை. 1966-இல் திருத்தம் வந்து அவர்களையும் சேர்த்தது; கூடவே, அக்கூலியில் பாதி வரை இனாமாலேயே ஈடு செய்யலாம் என்று முதலாளிகளுக்கு இடமும் அளித்தது. வாடிக்கையாளரின் தயவு இவ்வாறு சட்டத்தில் கூலியாகவே பதிவு பெற்றது. 1991-இல் முதலாளி தன் கையிலிருந்து கொடுக்க வேண்டிய பங்கு மணிக்கு 2 டாலர் 13 செண்ட். 1996-இல் அதனை அவ்வளவிலேயே நிறுத்தினர். 2009-இல் பொதுக் குறைந்தபட்சக் கூலி 7 டாலர் 25 செண்ட் ஆனபோதும் அது அசையவில்லை. இனாம் போதாவிடில் முதலாளி ஈடு செய்ய வேண்டும் என்பது விதி. எனினும் குறைவை எடுத்துக் கேட்க வேண்டியவர் அவரிடமே வேலை செய்பவர்.

நற்பணிக்கேற்ற பரிசு இது என்பார் உளர். கார்னெல் பல்கலைக்கழகத்தின் மைக்கேல் லின் நெடுங்காலம் ஆராய்ந்து, பணியின் தரத்துக்கும் இனாமின் அளவுக்கும் உள்ள தொடர்பு மிக மெல்லியது என்று கண்டார். எனினும் ஒன்றை மறைத்தல் நேர்மையாகாது: சிப்பந்திகள் எல்லோரும் இம்முறையை வெறுப்பவரல்லர். மெய்ன் மாநில வாக்காளர் 2016-இல் இம்முறையைப் படிப்படியாக நீக்கத் தீர்மானித்தனர். இனாம் குறையுமென்று அஞ்சிய பரிமாறுவோர் பலரே எதிர்த்து முறையிட, 2017-இல் சட்டமன்றம் பழைய முறையை மீட்டது. நல்ல விடுதியில், நல்ல மாலை வேளையில், இனாம் எந்தக் கூலியையும் மிஞ்சும். நண்பகலில் காலி மேசைகளைத் துடைத்துக் கொண்டிருப்பவரின் கணக்கு வேறு. அவருக்காகவே நாம் இம்முறையை அநீதி என்கிறோம்.

நம் நாட்டிலும் இவ்வழக்கு நீதிமன்றம் ஏறியதுண்டு. பில்லில் சேவைக் கட்டணத்தைத் தாமாகச் சேர்க்கலாகாது என்ற 2022-ஆம் ஆண்டு நெறிமுறைகளை டெல்லி உயர் நீதிமன்றம் 2025 மார்ச்சில் உறுதி செய்தது. அது உண்பவரின் உரிமை பற்றியது. பரிமாறுபவரின் உரிமையோ அதற்கு நெடுங்காலம் முன்பே, ஜெய்ப்பூர் இராம்பாக் அரண்மனை ஓட்டலுக்கும் தொழிலாளர் சங்கத்துக்கும் நடந்த வழக்கில் ஆராயப்பட்டது. வாடிக்கையாளர் தரும் காசை நிர்வாகம் திரட்டிப் பங்கிட்டுக் கொடுப்பதனாலேயே அதனைத் தான் கொடுக்கும் ஊதியமாகக் காட்ட முடியாது என்று 1976-இல் உச்ச நீதிமன்றம் கூறிற்று. பத்தாண்டுகளுக்கு முன் அமெரிக்கச் சட்டம் எடுத்த முடிவுக்கு இது நேர்மாறானது.