மாட்டுப் பித்தத்திலிருந்து குடல் தையல் வரை

ஸ்டீராய்டு என்றால் முகம் உப்பும், சர்க்கரை ஏறும் என்று எல்லோருக்கும் தெரியும். அது பிறந்த கதையில் ஒரு புரளிக்குப் பங்கு உண்டு என்பது பலருக்குத் தெரியாது.

இரண்டாம் உலகப் போரின்போது, உடலில் இயற்கையாக ஸ்டீராய்டு சுரப்பவை அட்ரினல் சுரப்பிகள்; அர்ஜென்டினா மாடுகளின் அந்தச் சுரப்பிகளை ஜெர்மனி வாங்கிக் குவிக்கிறது, விமானிகளுக்கு அவற்றின் சாற்றை ஏற்றுகிறது என்று பேச்சு கிளம்பியது. வெறும் கட்டுக்கதை. ஆனால் அமெரிக்கா மிரண்டுபோய் ஆராய்ச்சியை முடுக்கிவிட்டது. 1944இல் மெர்க் நிறுவனத்தின் லூயிஸ் சாரெட், மாட்டுப் பித்தத்திலிருந்து முப்பதுக்கும் மேற்பட்ட படிகளில் கார்டிசோன் என்ற ஸ்டீராய்டைச் செய்துகாட்டினார். 1948இல் மேயோ கிளினிக்கில் மூட்டுவாதத்தால் முடங்கிக் கிடந்த 29 வயதுப் பெண்ணுக்கு அதை ஊசியாகப் போட்டார்கள். சில நாட்களில் எழுந்து நடந்தார். 1950லேயே நோபல் பரிசும் வந்துவிட்டது.

விலைதான் எட்டாத உயரத்தில் இருந்தது. அதை இறக்கியவை மெக்சிகோவின் காட்டுக் கிழங்கும், பழைய ரொட்டியில் பூக்கிற இனத்துப் பூஞ்சையும். 1952இல் அப்ஜான் நிறுவனம் கண்டுபிடித்த வழி அது. மூன்றே ஆண்டுகளில் போட்டி நிறுவனமான ஷெரிங், இன்னும் வீரியமான பிரெட்னிசோலோனைச் சந்தைக்குக் கொண்டுவந்தது.

1955இல் ஆக்ஸ்ஃபோர்டு மருத்துவர்கள் ட்ரூலவும் விட்ஸும் பெருங்குடல் புண்ணுக்குக் கார்டிசோன் பலன் தருவதை நிரூபித்தார்கள். ஆனால் அதற்கு முன்பே, 1952இல், அறுவை அரங்கிலிருந்து கெட்ட செய்தி வந்திருந்தது. கார்டிசோன் சாப்பிட்டுவந்த ஒருவர் இடுப்பு அறுவைக்குப் பின் அதிர்ச்சி நிலைக்குப் போய் இறந்தார். அவருடைய அட்ரினல் சுரப்பிகள் சுருங்கிக் கிடந்தன. அன்றுமுதல் இத்தகைய நோயாளிகளுக்கு அறுவையன்று கூடுதல் ஸ்டீராய்டு கொடுப்பது வழக்கமாயிற்று.

குடலை வெட்டி இணைத்தால் சிக்கல் வேறு மாதிரி. முதல் சில நாட்கள் தையல்தான் இரு முனைகளையும் பிடித்துவைக்கிறது. அதற்குள் கொலாஜன் என்ற புரதம் ஊறி ஒட்டவேண்டும். அழற்சி இல்லாமல் அந்த வேலை தொடங்காது. ஸ்டீராய்டு அடக்குவதோ அந்த அழற்சியைத்தான்! இணைப்பு கசிந்தாலும் காய்ச்சலும் வலியும் மட்டுப்பட்டிருப்பதால் தாமதமாகவே தெரியவரும். தினம் 20 மில்லிகிராமுக்கு மேல் ஆறு வாரத்துக்கும் கூடுதலாகப் பிரெட்னிசோலோன் எடுத்தவருக்கு ஆபத்து அதிகம். அதனால் முடிந்தால் அளவைக் குறைத்தபின் அறுவை செய்கிறார்கள். முடியாவிட்டால் தற்காலிகமாக வயிற்றில் துளையிட்டு மலப் பை வைக்கிறார்கள்.

இத்தனைக்கும் பிறகு, 2017இல் வெளியான பிரிட்டிஷ் ஆய்வு ஒன்று, மயக்கம் கொடுக்கும்போது ஒரே ஒரு தடவை 8 மில்லிகிராம் டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டைப் போட்டால் குடல் அறுவைக்குப் பிந்தைய வாந்தி குறைகிறது, சிக்கல்கள் கூடவில்லை என்றது. வாரக்கணக்கில் விழுங்குவதும் ஒருமுறை போடுவதும் ஒன்றல்ல.

அறுவைக்குத் தேதி குறித்திருந்தால், ஸ்டீராய்டு எடுப்பதை மருத்துவரிடம் மறைக்காதீர்கள். பயந்துபோய் நீங்களாகத் திடீரென்று நிறுத்தியும் விடாதீர்கள்.