பொக்காளி நெல்: உப்பு நிலத்தில் நாற்றைக் காத்த வரலாறு

பொக்காளி என்பது கேரளத்தின் கடலோரச் சதுப்பு வயல்களில் விளையும், உப்பைத் தாங்கும் நெல் வகையாகும். எர்ணாகுளம், திருச்சூர், ஆலப்புழை மாவட்டங்களின் காயலோரங்களில் இது பயிரிடப்படுகிறது. நெல்லுக்கு மட்டுமன்றி, அது விளையும் நிலத்துக்கும் பயிரிடும் முறைக்கும் இப்பெயரே வழங்குகிறது. பொக்கம் என்ற மலையாளச் சொல்லுக்கு உயரம் என்று பொருள். இப்பயிர் ஆள் உயரத்துக்கும் வளரக்கூடியது.

உப்பைத் தாங்கும் நெல் பற்றிய ஆய்வுகளில் பொக்காளி உலகறிந்த பெயர். ஆனால் இந்நெல்லை வளர்த்த உழவர்கள் விதையின் இயல்பை மட்டும் நம்பியிருக்கவில்லை. இளநாற்று எந்த நாளில், எந்த இடத்தில் உப்பை எதிர்கொள்ள வேண்டும் என்பதையும் அவர்கள் வகுத்து வைத்திருந்தனர்.

நாற்றுப் பருவமும் உப்பும்

நெல் பொதுவாக உப்பைத் தாங்காத பயிர். மண்ணிலுள்ள உப்பின் அளவை மின்கடத்துதிறனைக் கொண்டு அறிவர். அது மீட்டருக்கு 3 டெசிசீமன்சைக் கடந்தால் நெல் விளைச்சல் குறையத் தொடங்கும். அதற்கு மேல் கூடும் ஒவ்வோர் அலகுக்கும் சுமார் 12 விழுக்காடு குறையும் என்பது வேளாண் அறிவியலில் பரவலாக ஏற்கப்பட்ட கணக்கு.

இந்தப் பாதிப்பு எல்லாப் பருவத்திலும் ஒரே அளவில் இருப்பதில்லை. முளைக்கும்போது நெல் ஓரளவு உப்பைத் தாங்கும். இரண்டு மூன்று இலை விட்ட இளநாற்று தாங்காது. தூர் கட்டும் பருவத்தில் மீண்டும் வலுப்பெறும். பூக்கும் காலத்தில் மறுபடியும் நலியும். உப்பு மிகுந்த மண்ணில் வேரால் நீரை எளிதில் உறிஞ்ச முடியாது. உறிஞ்சும் நீருடன் சோடியமும் இலைகளில் சேர்வதால் இலை நுனி வெளுத்துக் கருகும். ஆகவே உப்பு நிலத்தில் நெல் விளைவிக்க விரும்புவோர் முதலில் கடக்க வேண்டியது நாற்றுப் பருவத்தையே.

நிலத்தின் பின்னணி

1341-ஆம் ஆண்டில் பெரியாற்றில் ஏற்பட்ட பெருவெள்ளம் இக்கடற்கரையின் அமைப்பை மாற்றியது என்று கருதப்படுகிறது. சங்க இலக்கியம் போற்றும் முசிறித் துறைமுகம் தூர்ந்ததும், கொச்சியின் முகத்துவாரம் பெரிய கப்பல்களுக்கு ஏற்றதாக விரிந்ததும் அவ்வெள்ளத்தின் விளைவுகளாகச் சொல்லப்படுகின்றன. இப்பகுதியின் தாழ்வான வயல்களில் கடல் ஓதம் நாள்தோறும் ஏறி இறங்குகிறது. கோடையில் நீர் கடும் உப்பாக இருக்கும். தென்மேற்குப் பருவமழை பெய்தால் ஆறுகளின் நன்னீர் உப்பை வெளியே தள்ளும். ஜூன் முதல் அக்டோபர் வரையுள்ள இந்த இடைவெளியே நெல்லுக்குரிய காலம்.

விதைக்கூடையும் மண்மேடும்

ஏப்ரல் நடுவில், விஷுவை ஒட்டி, வயலிலிருந்து உப்புநீர் வடிக்கப்படும். தமிழிலும் உள்ள தூம்பு என்ற சொல்லே அங்கும் மதகைக் குறிக்கிறது. ஓதம் வற்றும்போது தூம்பைத் திறந்து நீரை வடித்து, ஏறும்போது மூடி வைப்பர். நிலம் உலர்ந்தபின், அடியில் சுமார் ஒரு மீட்டர் அகலமும் அரை மீட்டர் உயரமும் கொண்ட மண்மேடுகளை வயல் முழுவதும் குவிப்பர்.

மழை தொடங்கியதும் மேட்டிலுள்ள உப்பு கரைந்து பள்ளத்தில் இறங்கி, தூம்பு வழியே வெளியேறும். பொக்காளி மண்ணின் அமிலத்தன்மையும் இதனால் தணியும். மேட்டின் உச்சி முதலில் உப்பு நீங்கி, ஓத நீருக்கு மேலாகவும் நிற்பதால் அதுவே நாற்றங்கால் ஆகிறது.

மழை எந்த நாளில் வலுக்கும் என்று உறுதியாகச் சொல்ல முடியாது. அதற்கும் உழவர்கள் வழி கண்டிருந்தனர். தென்னங்கீற்றுக் கூடைகளின் உட்புறம் இலைகளைப் பரப்பி, விதைநெல்லை இறுக அடைத்து, நன்னீர்க் குளத்தில் 12 முதல் 15 மணி நேரம் ஊறவைத்து, பின் நிழலில் வைப்பர். முளை தலைகாட்டியதும் வளர்ச்சி நின்றுவிடும். இந்நிலையில் விதை சுமார் 30 நாள் வரை கெடாமல் இருக்கும். மேட்டில் உப்பு போதுமான அளவு நீங்கிய பிறகு, கூடையைச் சில மணி நேரம் மீண்டும் நனைத்து விதைப்பர்.

சுமார் ஒரு மாதத்தில் நாற்று 40 முதல் 45 சென்டிமீட்டர் உயரம் வளரும். அப்போது மேட்டை மண்வெட்டியால் வெட்டி, மண்கட்டியோடு நாற்றுகளை வயலெங்கும் பரப்புவர். உப்பு நீங்கிய மண் வேரோடு சேர்ந்தே செல்கிறது. இளமையின் நலிவைக் கடந்த பிறகே நாற்று தாழ்ந்த வயலில் இறங்குகிறது.

அறுவடையில் கதிர்களை மட்டும் கொய்வர். நவம்பரில் ஓத நீர் மீண்டும் வயலுக்குள் விடப்படும். மட்கும் தாள்கள் உள்ளே வரும் இறால் குஞ்சுகளின் வளர்ச்சிக்கு உதவும். இறாலின் கழிவு அடுத்த நெல்லுக்கு உரமாகும். இதனால் வேதி உரமின்றியே பயிர் விளைந்தது.

ஆய்வகத்தில் பொக்காளி

எர்ணாகுளத்தை அடுத்த வைற்றிலவிலுள்ள, கேரள வேளாண் பல்கலைக்கழகத்தின் நெல் ஆராய்ச்சி நிலையம் நாட்டு பொக்காளி வகைகளிலிருந்து தேர்ந்தெடுத்தும் கலப்புச் செய்தும் 'வைற்றில' வரிசை நெல் வகைகளை உருவாக்கியது.

பிலிப்பைன்சிலுள்ள பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிறுவனத்தில், உப்புக்கு எளிதில் வாடும் ஐ.ஆர். 29 வகையும் பொக்காளியும் கலக்கப்பட்டன. அந்தக் கலப்பின் சந்ததிகளை ஆராய்ந்த கிளென் கிரிகோரியோ, 1997-இல் முதலாம் குரோமோசோமில் உப்புத் தாங்குதலோடு தொடர்புடைய பகுதியைக் கண்டறிந்தார். அது 'சால்டால்' எனப்படுகிறது. நாற்றுப் பருவத்தில் சோடியத்துக்கும் பொட்டாசியத்துக்கும் உள்ள விகிதத்தைச் சீராக வைப்பதில் இப்பகுதிக்குப் பங்குண்டு. அதே கலப்பில் கிடைத்த எஃப்.எல். 478 என்னும் வகை பல நாடுகளின் பயிர்ப்பெருக்கத்தில் கொடையாளியாகப் பயன்படுகிறது.

2005-இல் சீன ஆய்வாளர்கள், வங்கத்தின் உப்பு நிலத்து நெல்லான நோனா போக்ராவில், குரோமோசோமின் இதே பகுதியிலுள்ள ஒரு மரபணுவை அடையாளம் கண்டனர். வேரிலிருந்து மேலேறும் சாற்றிலுள்ள சோடியத்தை இடையிலேயே பிரித்து, இலைக்குப் போகாமல் குறைப்பது அதன் வேலை.

இன்றைய நிலை

பொக்காளி அரிசி புவிசார் குறியீடு பெற்றுள்ளது. வயல்களில் ஒரு நெல், ஒரு மீன் என்ற சுழற்சி பேணப்பட வேண்டும் என்பது கேரள அரசின் கொள்கை. 2008-ஆம் ஆண்டின் நெல்வயல், சதுப்புநிலப் பாதுகாப்புச் சட்டமும் நடைமுறையில் உள்ளது. இருப்பினும் பொக்காளிப் பரப்பு பெரிதும் சுருங்கிவிட்டது. சேற்று வயலில் இயந்திரம் இறங்காது. நாற்றுப் பரப்பவும் கதிர் கொய்யவும் ஆட்கள் கிடைப்பது அரிதாகிவிட்டது. இறாலின் வருமானம் நெல்லைவிட அதிகம் என்பதால், ஆண்டு முழுவதும் உப்புநீரை நிறுத்தி வைக்கும் போக்கும் வளர்ந்துள்ளது. கொச்சி நகரின் விரிவும் வயல்களை விழுங்கியுள்ளது.

ஏப்ரலில் உப்புநீரை வடிக்காத வயலில் மேடு குவிக்க முடியாது. பக்கத்து வயலில் உப்புநீர் நிற்கும்போது தனி ஒருவர் நெல் பயிரிடுவதும் கடினம். பொக்காளி விதையை மரபணு வங்கியில் பாதுகாக்கலாம். மழையைக் கணித்து விதைக்கூடையை நனைக்கும் நாளும், மேட்டை வெட்டும் பக்குவமும் வயலில் வேலை செய்வோரிடமிருந்தே அடுத்த தலைமுறைக்குச் செல்ல வேண்டும். கடல்மட்டம் உயர்ந்து கடலோர வயல்கள் உவர்ப்பாகி வரும் காலத்தில், அந்த விதையோடு இந்த அனுபவமும் தேவைப்படுகிறது.