மண்ணீரல் செய்த குற்றம் என்ன?

இராஜபாளையத்திலோ ஸ்ரீவில்லிபுத்தூரிலோ ஒருவருக்கு இடது விலாவுக்குக் கீழே கனக்கிறது, பல் தேய்த்தால் ரத்தம் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். ரத்தத்தில் தட்டணுக்கள் 50,000-க்கும் கீழே. மண்ணீரல் வீங்கியிருக்கிறது. ஸ்கேன் எடுத்தால் இன்னொரு செய்தி: சுருங்கிப்போன கல்லீரலில் புற்றுநோய்க் கட்டி. கட்டியை அறுத்தெடுக்க வேண்டும். ஆனால் அறுத்தால் ரத்தம் நிற்குமா? இந்தக் கேள்விக்கு ஒரு நீண்ட வரலாறு உண்டு.

முதலில் பழி மண்ணீரல் மேல்தான் விழுந்தது. 1894-ல் இத்தாலிய மருத்துவர் குய்டோ பான்டி, மண்ணீரல்தான் கல்லீரலைக் கெடுக்கிறது, அதை எடுத்துவிட வேண்டும் என்று எழுதினார். நடப்பதோ பெரும்பாலும் தலைகீழ். கல்லீரல் தழும்பேறி இறுகும்போது அங்கே போக வேண்டிய ரத்தம் தேங்கி மண்ணீரல் வீங்குகிறது. சாதாரணமாக உடம்பின் தட்டணுக்களில் மூன்றில் ஒரு பங்குதான் அங்கே தங்கும். வீங்கிவிட்டால் பெரும்பகுதி அங்கேயே அடைபட்டுவிடும். கணக்கில் பணம் இருக்கிறது, எடுக்கத்தான் முடியாது. முடக்கிய வங்கிக் கணக்கு மாதிரி!

1952-ல் இரண்டு செய்திகள் வந்தன. பாரிஸில் லோர்தா ஜாக்கோப், ரத்தக்குழாய்களை முதலிலேயே கட்டிவிட்டுக் கல்லீரலின் வலப்பாதியை அகற்றியதை வெளியிட்டார். அமெரிக்காவில் கிங், ஷூமேக்கர் இருவரும் மண்ணீரல் இழந்த குழந்தைகளைக் கடும் நோய்த்தொற்று தாக்குவதைக் காட்டினார்கள். வேண்டாத உறுப்பு என்று நினைத்தது காவல்காரன் என்று தெரிந்தது. இன்றும் மண்ணீரலை எடுப்பவர்களுக்கு நிமோனியா தடுப்பூசி போடுவது இதனால்தான்.

பிறகு பாதி வழி ஒன்று பிறந்தது. 1970-களில் மண்ணீரலுக்குப் போகும் ரத்தக்குழாயின் ஒரு பகுதியை மட்டும் உள்ளிருந்தே அடைத்தார்கள். தட்டணுக்கள் ஏறிய பிறகு கல்லீரலில் கை வைக்கலாம். ஜப்பானிலும் சீனாவிலும் சில அறுவை மருத்துவர்கள் கட்டி, மண்ணீரல் இரண்டையும் ஒரே மேசையில் எடுக்கிறார்கள். இதில் ஆபத்தும் உண்டு. மண்ணீரலை எடுத்த பின் கல்லீரலுக்குப் போகும் பெரிய குழாயில் ரத்தம் உறைந்துவிட்டால், நாளை கல்லீரல் மாற்றுவதே கடினமாகிவிடும்.

மூல காரணத்தையே தீர்ப்பது அந்த மாற்று அறுவைதான். புதுக் கல்லீரல் வந்தால் அழுத்தம் குறையும், தட்டணுக்களும் பெரும்பாலும் தானாக ஏறும். 1967-ல் அமெரிக்காவில் தாமஸ் ஸ்டார்சல் மாற்றுக் கல்லீரல் பொருத்தி, ஓராண்டுக்கு மேல் வாழ்ந்த முதல் நோயாளி, கல்லீரல் புற்றுநோய் வந்த ஒரு குழந்தை. கடைசியில் புற்றே திரும்பி வந்து கொன்றது. யாருக்கு மாற்றலாம் என்ற அளவுகோலை 1996-ல் மிலன் நகரத்து மத்ஸஃபெரோ வகுத்தார்: ஒரே கட்டியானால் 5 செ.மீ.க்குள், மூன்று வரை இருந்தால் ஒவ்வொன்றும் 3 செ.மீ.க்குள்.

இந்தியாவில் உறுப்பு மாற்றுச் சட்டம் வந்தது 1994-ல். 1998-ல் டெல்லியில் முதன்முதலாக வெற்றிகரமாகக் கல்லீரல் மாற்றப்பட்டது ஒரு காஞ்சிபுரத்துக் குழந்தைக்கு, கொடுத்தவர் தந்தை. மூளைச்சாவு அடைந்தவர்களின் உறுப்பு தானத்தைத் தமிழக அரசு 2008-ல் முறைப்படுத்தியது.

இராஜபாளையத்துக்காரர் மாற்று அறுவைக்கு மதுரை, சென்னை போன்ற நகரங்களுக்குப் போக வேண்டியிருக்கும். ஆனால் கட்டி அந்த 5 செ.மீ.யைத் தாண்டுமுன் பிடிக்க, சிரோசிஸ் உள்ளவர்களுக்கு 6 மாதத்துக்கு ஒருமுறை எடுக்கச் சொல்லும் அல்ட்ராசவுண்ட் ஸ்கேனை ஊரிலேயே எடுத்துக்கொள்ளலாம்.