கால், அரை, முழு, கமிட்டி

அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தில் பந்தை மார்போடு அணைத்துக்கொண்டு ஓடுபவர் ரன்னிங் பேக். அந்த ஓட்டத்தை ஓர் அணி இருவருக்கோ மூவருக்கோ பங்கிட்டால், அதை ‘ரன்னிங் பேக் பை கமிட்டி’ என்கிறார்கள். தனித்து நிற்க ஓர் ஆள் அகப்படாததால் செய்த சமாளிப்பு என்ற தொனி அதில் ஒட்டியிருக்கிறது. பழைய பெயர்களைத் தோண்டிப் பார்த்தால், அந்தத் தொனிக்கு நியாயமே இல்லை.

முன்வரிசைக்குப் பின்னால் நிற்பவர் ‘பேக்’. எவ்வளவு பின்னால் என்பதற்குப் பின்னக் கணக்கு: கால் என்றால் குவார்ட்டர்பேக், அரை என்றால் ஹாஃப்பேக், முழு என்றால் ஃபுல்பேக். ரக்பியிலிருந்து வந்த வழக்கு இது. 1880இல் யேல் பல்கலைக்கழகத்து வால்டர் கேம்பின் முயற்சியால் அணிக்குப் பதினொருவர் என்று முடிவானது. முன்னால் எழுவர், பின்னால் நால்வர் என்ற அமைப்பு நிலைத்தது. அந்த நால்வரில் ஹாஃப்பேக் மட்டும் இருவர். ஆக, பங்கீடு பெயரிலேயே இருந்தது.

1924 அக்டோபர் 18 அன்று நியூயார்க்கில் நோட்ர டாம் அணி ராணுவக் கல்லூரியை 13-7 என்று வென்றது. பைபிளின் வெளிப்படுத்தின விசேஷத்தில் வரும் நான்கு குதிரைவீரர்களின் பெயரை நோட்ர டாமின் பின்வரிசை நால்வருக்கும் சேர்த்தே சூட்டினார் பத்தியெழுத்தாளர் கிராண்ட்லண்ட் ரைஸ். புகழும் பங்கிடப்பட்டது.

பிறகு வந்தது ‘டெயில்பேக்’. ‘ஐ’ எனும் ஆங்கில எழுத்தைப் போல ஒருவர் பின் ஒருவராக நிற்கும் அமைப்பில் வால்முனையில் நிற்பவர் இவர். விந்தை என்னவென்றால், ‘முழு’ தூரத்தில் நிற்க வேண்டிய ஃபுல்பேக் இதில் இவருக்கு முன்னால் நிற்கிறார். இடம் மாறியும் பெயர் மாறவில்லை. அவர் மோதி வழி திறக்க, வால் ஓடும். 1979இல் தெற்குக் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் சார்லஸ் ஒயிட்டுக்கு அப்படி வழி திறந்த மார்கஸ் ஆலன், அடுத்த ஆண்டு தாமே டெயில்பேக்காகி, 1981இல் 400 முறைக்கு மேல் பந்தேந்தி ஓடினார். ஒரே பருவத்தில் 2000 கெஜம் கடந்த முதல் கல்லூரி வீரரும் அவரே. ஒற்றை நாயகன் என்ற எதிர்பார்ப்பை வளர்த்தவை இத்தகைய பருவங்கள்தான்.

அதே காலத்தில் டெக்சாஸின் சதர்ன் மெதடிஸ்ட் பல்கலைக்கழகத்தில் எரிக் டிக்கர்சனும் கிரெய்க் ஜேம்ஸும் ஓட்டத்தைப் பங்கிட்டார்கள். அணியின் பெயர் மஸ்டாங்ஸ், அதாவது காட்டுக்குதிரைகள். ஜோடியின் பெயர் ‘போனி எக்ஸ்பிரஸ்’. 1860இல் தொடங்கிய குதிரை அஞ்சலின் பெயர் அது. அதில் தபால் பை ஒரு சவாரியிடமிருந்து அடுத்தவருக்குக் கைமாறிக்கொண்டே போகும். பங்கிட்டு ஓடுவதற்கு இதைவிடப் பொருத்தமான பெயர் எனக்குத் தெரிந்து இல்லை.

‘கமிட்டி’யின் கதையோ நேரெதிர். 15ஆம் நூற்றாண்டு ஆங்கிலத்தில் அது, ஒரு பொறுப்பு ஒப்படைக்கப்பட்ட தனி ஆளைக் குறித்தது. குழு என்ற பொருள் பின்னர் வந்தது. ஒப்படைப்பு என்ற அந்த வேர்ப்பொருளை மறந்துவிட்டுத்தான் இன்று அச்சொல்லை இளக்காரமாகச் சொல்கிறார்கள். 2004இல் ஆபர்ன் அணிக்காக ரானி பிரவுனும் கார்னெல் வில்லியம்ஸும் பங்கிட்டே ஓடினார்கள். அணி 13 ஆட்டங்களிலும் வென்றது. அடுத்த ஆண்டு தொழில்முறை அணிகளின் வீரர் தேர்வில் பிரவுன் இரண்டாவதாகவும் வில்லியம்ஸ் ஐந்தாவதாகவும் எடுக்கப்பட்டார்கள்.