பென் குரோக்கி

பென் குரோக்கி (மே 16, 1917 – செப்டம்பர் 1, 2015) இரண்டாம் உலகப் போரில் ஐக்கிய அமெரிக்க இராணுவ வான்படையில் விமானத் துப்பாக்கி வீரராகப் பணியாற்றியவர். ஜப்பானிலிருந்து குடியேறிய உழவர் குடும்பத்தில் பிறந்த இவர், ஐரோப்பா, வட ஆப்பிரிக்கப் பகுதிகளில் 30 தாக்குதல் பறப்புகளிலும், பசிபிக் போர்முனையில் 28 பறப்புகளிலும் பங்கேற்றார். பெற்றோர் பிறந்த நாட்டின் மீது குண்டு வீசச் சென்ற விமானங்களில் பறப்பதற்குத் தம் சொந்த நாட்டின் அரசிடமே இவர் சிறப்பு அனுமதி பெற வேண்டியிருந்தது.

பண்ணை வாழ்க்கை

குரோக்கி நெப்ராஸ்கா மாநிலத்தின் காத்தன்பர்க் என்ற ஊரில் பிறந்தார். பத்துப் பிள்ளைகள் கொண்ட குடும்பம். ஹெர்ஷி என்ற சிற்றூரை அடுத்திருந்த பண்ணையில் உருளைக்கிழங்கு முதன்மைப் பயிர். 1936இல் உயர்நிலைப் பள்ளியை முடித்தபின் பண்ணை வேலையிலும், விளைந்த கிழங்கைச் சரக்குந்தில் ஏற்றிச் செல்வதிலும் ஈடுபட்டார்.

படையில் சேருதல்

டிசம்பர் 7, 1941 அன்று ஜப்பான் பேர்ல் துறைமுகத்தைத் தாக்கியது. படையில் சேருமாறு குரோக்கியையும் அவருடைய தம்பி பிரெட்டையும் தந்தையே ஊக்குவித்தார். அருகிலிருந்த நார்த் பிளாட் நகரில் அவர்களுக்கு அழைப்பு வரவில்லை. பின்னர் சுமார் 240 கி.மீ. தொலைவிலுள்ள கிராண்ட் ஐலண்ட் நகருக்குச் சென்று சேர்ந்தனர். ஒவ்வோர் ஆளைச் சேர்ப்பதற்கும் தனக்கு இரண்டு டாலர் கிடைப்பதால் வம்சாவளி பற்றிக் கவலையில்லை என்று அங்கிருந்த அலுவலர் கூறியதாகக் குரோக்கி பின்னாளில் சொல்வதுண்டு.

அடுத்த சில வாரங்களில், பெப்ரவரி 19, 1942 அன்று, குடியரசுத் தலைவர் ரூசவெல்ட் 9066ஆம் நிருவாக ஆணையில் கையெழுத்திட்டார். அதன் விளைவாக, மேற்குக் கடற்கரை மாநிலங்களில் வாழ்ந்த ஏறத்தாழ 1,20,000 ஜப்பானிய வம்சாவளியினர் முகாம்களில் அடைக்கப்பட்டனர். நெப்ராஸ்கா உள்நாட்டு மாநிலம் என்பதால் குரோக்கியின் குடும்பம் தப்பியது.

படையிலும் அவரை யாரும் நம்பவில்லை. சமையற்கூடத்தில் உருளைக்கிழங்கு உரிக்கும் வேலையே நாள்கணக்கில் தரப்பட்டது. கிழங்கு விளைவித்தவருக்கு இது புதிய வேலையன்று. பின்னர் 93ஆம் குண்டுவீச்சுக் குழுவில் எழுத்தராகச் சேர்ந்தார். குழு வெளிநாடு புறப்பட்டபோது அவரை விட்டுச் செல்ல இருந்தனர். கெஞ்சியே உடன் சென்றார். இங்கிலாந்தில் துப்பாக்கி வீரர்களுக்குப் பற்றாக்குறை ஏற்பட்டபோதுதான் வாய்ப்புக் கிடைத்தது. மிகக் குறுகிய பயிற்சியே பெற்றார்.

ஐரோப்பிய முனை

குரோக்கி பறந்தது பி-24 லிபரேட்டர் வகைக் குண்டுவீச்சு விமானத்தில். (இதே வகை விமானங்கள் போருக்குப் பின் கான்பூரில் கைவிடப்பட்டுக் கிடந்தன. அவற்றைச் சீர்செய்து இந்திய வான்படை 1968 வரை பயன்படுத்தியது.) சுமார் பத்துப் பேர் கொண்ட குழுவில் பலர் துப்பாக்கி வீரர்கள். அழுத்தம் பேணப்படாத விமானமாதலால் உயரத்தில் ஆக்சிசன் முகமூடி இன்றி உயிர்பிழைக்க இயலாது. குளிரோ உறைநிலைக்கு வெகு கீழே செல்லும். எதிரி விமானங்களைத் தடுக்க 12.7 மி.மீ. இயந்திரத் துப்பாக்கிகளே துணை.

1943 தொடக்கத்தில் இவருடைய விமானம் எசுப்பானிய மொரோக்கோவில் தரையிறங்க நேர்ந்தது. நடுநிலை நாடான எசுப்பானியா குழுவினரைச் சில மாதங்கள் தடுத்து வைத்திருந்தது. ஆகஸ்ட் 1, 1943 அன்று லிபியாவின் பெங்காசியிலிருந்து உருமேனியாவின் பிளோயெஸ்தி எண்ணெய் ஆலைகளைத் தாக்கச் சென்றவர்களுள் குரோக்கியும் ஒருவர். மிகத் தாழ்வாகப் பறந்து நடத்திய அத்தாக்குதலில் ஐம்பதுக்கும் மேற்பட்ட விமானங்கள் இழக்கப்பட்டன.

25 பறப்புகளை முடித்தவர்கள் தாயகம் திரும்பலாம். குரோக்கி மேலும் ஐந்துக்குத் தாமே முன்வந்தார். செருமனியின் மூன்ஸ்டர் மீதான முப்பதாவது பறப்பில், பீரங்கிக் குண்டு வெடித்து இவர் அமர்ந்திருந்த மேற்கூண்டின் மூடியைப் பெயர்த்தது. நினைவிழந்த அவரைச் சக வீரர்கள் கீழிறக்கிக் காப்பாற்றினர்.

முகாம்களில்

தாயகம் திரும்பிய வீரருக்குக் கிடைத்த வரவேற்பு ஒரே சீரானதன்று. டென்வர் நகரில் சீருடையில் இருந்த அவருடன் வாடகைக் காரில் பயணம் செய்ய ஒருவர் மறுத்தார். பெப்ரவரி 4, 1944 அன்று சான் பிரான்சிஸ்கோவின் காமன்வெல்த் கழகத்தில் ஆற்றிய உரைக்கோ அவையோர் எழுந்து நின்று நெடுநேரம் கைதட்டினர்.

பின்னர் படைத்துறை அவரை ஹார்ட் மவுண்டன் உள்ளிட்ட மூன்று தடுப்பு முகாம்களுக்கு ஆள் சேர்க்க அனுப்பியது. முள்வேலிக்குள் இருந்த இளைஞர்கள் பலர் அவரை வீரராகக் கொண்டாடினர். உரிமைகளைத் திருப்பித் தந்தால்தான் படையில் சேருவோம் என்று கூறியவர்களும் அங்கே இருந்தனர். ஹார்ட் மவுண்டனில் அவ்வாறு மறுத்த 63 பேர் 1944இல் தண்டிக்கப்பட்டு, 1947இல் குடியரசுத் தலைவர் ட்ரூமனால் மன்னிக்கப்பட்டனர். குரோக்கி அப்போது இவர்களைக் கடுமையாகச் சாடினார். அவரது வாழ்வில் இன்றும் சர்ச்சைக்குரிய பகுதி இதுவே. விடுதலையான மனிதராகச் சென்று, சிறைப்பட்டவர்களிடம் நாட்டுப்பற்றைப் பேசும் நிலையில் அவர் இருந்தார் என்பதை மறந்துவிட இயலாது.

பசிபிக் முனை

ஜப்பானிய வம்சாவளியினர் பசிபிக் முனையில் வான்படைப் பணி செய்ய விதிகள் இடம் தரவில்லை. குரோக்கிக்காக நாடாளுமன்ற உறுப்பினர்கள் உள்ளிட்டோர் பரிந்துரைத்தனர். போர்த்துறைச் செயலர் ஹென்றி ஸ்டிம்சன் 1944 நவம்பரில் விலக்கு அளித்தார். அதன் பின்னரும் புறப்படும் வேளையில் விமானத்திலிருந்து அவரை இறக்க முயன்றபோது, ஸ்டிம்சனின் கடிதத்தைக் காட்டவேண்டியிருந்தது.

டினியன் தீவிலிருந்து 505ஆம் குண்டுவீச்சுக் குழுவின் பி-29 விமானத்தில் 28 முறை பறந்தார். தீவில் ஜப்பானிய வீரர்கள் சிலர் மறைந்திருந்தனர். தம் படையினரே எதிரியெனக் கருதிச் சுட்டுவிடலாம் என்பதால் இருளில் தனியே நடப்பது குரோக்கிக்கு ஆபத்தாக இருந்தது. இறுதியில் எதிரியால் அன்றி, குடிபோதையில் இருந்த சக வீரர் ஒருவரின் கத்தியால்தான் தலையில் படுகாயம் அடைந்தார். இரோசிமா மீது அணுகுண்டு வீசிய விமானம் ஆகஸ்ட் 6, 1945 அன்று புறப்பட்டதும் இதே தீவிலிருந்துதான்.

பிற்காலம்

போருக்குப் பின் நாடெங்கும் சென்று இனப்பாகுபாட்டுக்கு எதிராக உரையாற்றினார். 58 பறப்புகளை அடுத்த இப்பணியைத் தமது ஐம்பத்தொன்பதாவது பறப்பு என்று அழைத்தார். பண்ணைக்குத் திரும்பவில்லை, நெப்ராஸ்கா பல்கலைக்கழகத்தில் இதழியல் பயின்று 1950இல் பட்டம் பெற்று, யார்க் என்னும் ஊரின் வார இதழை வாங்கி நடத்தினார். பின்னர் கலிபோர்னியாவில் செய்தித்தாளொன்றில் பணியாற்றி 1984இல் ஓய்வு பெற்றார். 2005 ஆகஸ்டில், போர் முடிந்து அறுபது ஆண்டுகளுக்குப் பின், இராணுவத்தின் சிறப்புமிகு சேவைப் பதக்கம் வழங்கப்பட்டது. கலிபோர்னியாவின் கமரில்லோ நகரில் 98ஆம் அகவையில் காலமானார்.