லினோலியம் முதல் வினைல் வரை: வீட்டுத் தரையின் கதை

வீடுகளின் வரலாற்றை எழுதியோர் கூரையையும் தூணையும் வாசற்படியையும் விரிவாகப் பேசியுள்ளனர். தரையைப் பற்றிப் பேசியோர் மிகச் சிலரே. ஆயினும் ஒரு குடும்பத்தின் அன்றாட உழைப்பில் பெரும்பங்கு தரையிலேயே செலவாகியிருக்கிறது. அவ்வுழைப்பு பெரும்பாலும் பெண்களுடையது. யாழ்ப்பாணத்து மண்வீடுகளில் சாணமும் மண்ணும் கரைத்துத் தரையை மெழுகினார்கள். புழுதி அடங்கியது, தரை குளிர்ந்தது. ஆனால் அந்த வேலைக்கு முடிவு என்பதே இருக்கவில்லை. சீமெந்துத் தரை வந்த பின்னரே அந்தக் கைகளுக்குச் சிறிது ஓய்வு கிடைத்தது.

ஐரோப்பாவின் ஏழை வீடுகளிலும் நிலைமை இதுதான். அங்கே கல் பரப்பிய தரை குளிரால் வாட்டும். பலகைத் தரையின் இடுக்குகளில் அழுக்குத் தங்கும். தேய்த்துக் கழுவினால் உலர நாட்செல்லும். கம்பளம் செல்வர்க்கு உரியதாக இருந்தது. அதற்கு மாற்றாக, தடித்த துணியில் எண்ணெய்ச் சாயத்தைப் பல தடவை பூசிச் செய்த தரைத்துணி பழக்கத்துக்கு வந்தது. 1847 இல் ஸ்கொட்லாந்தின் கேர்க்கோடி நகரில் மைக்கல் நெய்ர்ன் என்பவர் இதற்கென ஒரு பெரிய ஆலையை எழுப்பினார். சாயம் காய்வதற்கே மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டிய தொழிலில் இவ்வளவு பணத்தை முடக்குவதா என்று ஊரார் நகைத்து, அக்கட்டடத்துக்கு 'நெய்ர்னின் மடமை' என்று பெயர் சூட்டினர். அந்த மடமைதான் பின்னர் அவ்வூருக்குச் சோறு போட்டது.

இங்கிலாந்தைச் சேர்ந்த பிரெடரிக் வோல்ற்றன், சாயத்தில் கலக்கும் ஆளிவிதை எண்ணெய் காற்றுப்பட்டு, மேற்பரப்பில் இறப்பர் போன்ற ஆடையாகப் படிவதைக் கவனித்தார். அந்த ஆடையையே மூலப்பொருளாக்கினால் என்ன என்ற கேள்வியிலிருந்து ஒரு தொழில் பிறந்தது. எண்ணெயை வாரக்கணக்கில் காற்றில் உறையவிட்டு, மரப்பிசினும் தக்கைத் தூளும் சேர்த்துப் பிசைந்து, சணல் துணியின் மேல் அழுத்தினார். 1863 இல் காப்புரிமை பெற்று, மறு ஆண்டு லண்டனுக்கு அண்மையிலுள்ள ஸ்ரெயின்ஸில் உற்பத்திக்கான கம்பனியை நிறுவினார். ஆளிச்செடியையும் எண்ணெயையும் குறிக்கும் இலத்தீன் சொற்களை இணைத்து 'லினோலியம்' என்று அவரே பெயரிட்டார்.

காப்புரிமைக் காலம் முடிந்ததும் நெய்ர்ன் கம்பனி அதே பொருளை அதே பெயரில் செய்யத் தொடங்கியது. வோல்ற்றன் தரப்பு வழக்குத் தொடுத்தது. 1878 இல் தீர்ப்பு வந்தது: லினோலியம் என்பது அப்பொருளின் பெயராகவே ஆகிவிட்டது, அதற்குத் தனியுரிமை கோர முடியாது. பெயரைச் சூட்டியவரே அதனை இழந்தார். கேர்க்கோடியோ லினோலிய நகரமாயிற்று. ஆளி எண்ணெயின் வாடையே அவ்வூரின் அடையாளமானது. ஐபீரியத் தீபகற்பத்தின் தக்கையும், வங்காளத்தின் சணலும் அந்த விரிப்பில் ஒன்றுசேர்ந்தன. வங்காளத்து உழவர் விளைவித்த சணல், மேற்கத்திய வீடுகளின் அடுக்களைத் தரையில் கண்ணுக்குத் தெரியாமல் கிடந்தது.

லினோலியத்துக்கும் குறைகள் இருந்தன. அதற்கு மெழுகு பூசி மெருகேற்ற வேண்டும். ஈரம் உட்புகுந்தால் உப்பும். இக்குறைகளை நீக்கியது வினைல். பொலிவினைல் குளோரைட்டை ஜேர்மனியரான ஓய்கன் பௌமான் 1872 இலேயே கண்டிருந்தார். ஆனால் அது விறைத்து, எளிதில் நொறுங்குவதாக இருந்தமையால் எவரும் பொருட்படுத்தவில்லை. 1926 இல் அமெரிக்காவின் அக்ரன் நகரில், பி. எவ். குட்றிச் கம்பனியின் இரசாயனவியலாளர் வால்டோ செமன், உலோகத்தில் இறப்பரை ஒட்டும் பசையொன்றைத் தேடிக்கொண்டிருந்தார். பசை கிடைக்கவில்லை. வளையக்கூடிய, நீர் புகாத பிளாஸ்ரிக் கிடைத்தது. 1933 ஆம் ஆண்டு சிக்காகோ உலகக் கண்காட்சியில் வினைல் தரைத் தகடுகள் பொதுமக்களின் பார்வைக்கு வைக்கப்பட்டன. இரண்டாம் உலகப் போர் முடிந்த பின்னர் அவை சாதாரண வீடுகளுக்குள் வந்தன.

அதன் நன்மைகள் மெய்யானவை. நீர் உட்புகாது, ஈரத் துணியால் ஒருமுறை துடைத்தாற் போதும். மென்மையான அடித்தளம் கொண்ட வகைகள் கல்லைப் போலக் குளிராமல் காலுக்கு இதமளிக்கும். மரத்தின் தோற்றத்தையும் பளிங்கின் தோற்றத்தையும் குறைந்த விலையில் தரும். புலம்பெயர்ந்து லண்டனிலும் ரொறன்ரோவிலும் பாரிஸிலும் குடியமர்ந்த நம்மவரில் பலர் தம் முதல் அடுக்களையில் மிதித்ததும் இத்தரையைத்தான். மஞ்சட் கறையை மட்டும் உடனே துடைக்க வேண்டும். ஊறிவிட்டால் எளிதில் போகாது.

ஆனால் அந்த மலிவுக்கான விலையை வேறு சிலர் செலுத்தினர். 1974 சனவரியில், கென்ரக்கி மாநிலத்தின் லூயிவில் நகரிலிருந்த குட்றிச் ஆலையின் தொழிலாளர் மூவர், ஈரலில் ஏற்படும் மிக அரிதான புற்றுநோயால் இறந்தமை வெளியாயிற்று. காரணம் வினைல் குளோரைட்டு வாயு. இதற்கு முன்னரே இத்தாலிய ஆய்வாளர் சேசரே மல்ற்றோனி எலிகளில் இந்நோயைக் கண்டறிந்திருந்தார். அவரது முடிவுகளை உற்பத்தியாளர்கள் தமக்குள்ளேயே மறைத்து வைத்திருந்தனர். மரணங்கள் வெளிவந்த பின்னரே, தொழிலகக் காற்றில் பத்து இலட்சத்துக்கு 500 பங்கு என்றிருந்த அனுமதி எல்லை அமெரிக்காவில் 1 பங்காகக் குறைக்கப்பட்டது. மறைக்கப்பட்ட செய்தி உயிரைக் குடிக்கும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

இன்னொரு விடயம் வாசகர்களின் வீட்டையே தொடுவது. நாம் கூரைத் தகடாக அறிந்திருக்கும் அஸ்பெஸ்ரஸ், 1980கள் வரை வினைல் தரைத் தகடுகளிலும் கலக்கப்பட்டது. ஒன்பது அங்குலச் சதுரத் தகடுகளில் இது பரவலாகக் காணப்பட்டது. வேறு அளவுகளிலும், தகட்டை ஒட்டிய கரும்பசையிலும் இருக்கக்கூடும். பிரித்தானியா 1999 இலும் கனடா 2018 இலும் அஸ்பெஸ்ரஸைத் தடைசெய்தன. ஆனால் பழைய தரைகள் தடைச் சட்டத்தோடு மறைந்துவிடவில்லை. உடையாமல் கிடக்கும் தகட்டால் ஆபத்து மிகக் குறைவு. சுரண்டும்போதும் உரசும்போதும் உடைக்கும்போதும்தான் நுண்ணிழைகள் காற்றில் கலக்கின்றன. எனவே பழைய வீட்டை வாங்கித் தாமே திருத்த முனைவோர், முதலில் தகட்டின் மாதிரியைப் பரிசோதிப்பித்தல் வேண்டும்.

புதிய வினைல் அஸ்பெஸ்ரஸ் அற்றது. அதனை மென்மையாக்கச் சேர்க்கும் தாலேற்று வகைகள் நான்கினை ஐரோப்பிய ஒன்றியம் 2020 முதல் இறுக்கமாகக் கட்டுப்படுத்தியுள்ளது. வாங்குவோர் அதுபற்றிக் கடைக்காரரிடம் கேட்பது நன்று.

முழங்காலிட்டுத் தரை தேய்த்த தலைமுறைகளுக்கு இந்த விரிப்பு விடுதலையைத் தந்தது என்பதை மறுப்பதற்கில்லை. அந்த விடுதலையின் கணக்கில் லூயிவில் தொழிலாளரின் பெயரையும் சேர்த்து எழுதுவதே நேர்மையான வரலாறாகும்.