மின்னஞ்சல்வழி ஒட்டு

ஒரு கட்டற்ற மென்பொருளின் மூலநிரலைத் திருத்தி, மாறிய பகுதியை மட்டும் தனியே எடுத்து அஞ்சலில் அனுப்பும் முறை இது. நிரலாளர் பேச்சில் ‘பேட்ச்’. வேட்டிக்கு ஒட்டுப் போடுவது போன்ற வேலைதான். துளையிட்ட காகித நாடாவில் நிரல் எழுதிய காலத்தில், தவறான துளைமீது காகிதத் துண்டை உண்மையாகவே ஒட்டினார்கள்.

மொழிபெயர்ப்புக் கோப்பு ஒன்றில் ‘மினஞ்சல்’ என்று பிழையாக இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒட்டில் அந்த வரி கழித்தல் குறியோடு வரும். அதன் கீழே ‘மின்னஞ்சல்’ கூட்டல் குறியோடு. மேலும் கீழும் மும்மூன்று மாறாத வரிகள் காவலுக்கு நிற்கும். இதற்குள் வேறொருவர் கோப்பின் தலையில் பத்து வரி சேர்த்திருந்தாலும், அந்த அண்டை வரிகளைப் பார்த்தே திருத்தம் தன் இடத்தைக் கண்டுபிடித்துவிடும். இதைச் செய்யும் ‘பேட்ச்’ நிரலை லாரி வால் 1985-ல் வெளியிட்டார்.

1991-ல் பிறந்த லினக்ஸ் கருநிரல் (கெர்னல்) இன்றும் இந்த வழியில்தான் வளர்கிறது. அந்தக் கருநிரலின் வளர்ச்சிக்காகவே, அதைத் தொடங்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் 2005-ல் நிரல் மாற்றங்களைப் பதிவுசெய்யும் ‘கிட்’ கருவியை உருவாக்கினார். ‘ஃபார்மேட்-பேட்ச்’ கட்டளை ஒட்டைக் கடிதமாக்கும், ‘சென்ட்-இமெயில்’ அனுப்பும், மறுமுனையில் ‘ஏஎம்’ அதை நிரலில் சேர்க்கும்.

கடிதம் வெற்று உரையாக இருக்க வேண்டும். சில அஞ்சல் செயலிகள் டேப் இடைவெளியைச் சாதாரண இடைவெளியாக்கி, நீண்ட வரிகளை மடித்துவிடும். அப்புறம் ஒட்டு ஒட்டாது. புதியவர்கள் முதலில் இடறும் இடம் இது. எதை மாற்றினோம் என்பதை நிரலே சொல்லிவிடும். ஏன் மாற்றினோம் என்பதைக் கடிதம்தான் சொல்ல வேண்டும். இந்த முறையின் உயிர் அதில் இருக்கிறது: பத்தாண்டு கழித்துப் படிப்பவருக்கும் காரணம் நிரல் வரலாற்றில் கிடைக்கும். கடிதத்தில் கையொப்பமும் வேண்டும்: இந்த நிரலைத் தர எனக்கு உரிமை உண்டு என்று உறுதிகூறும் ‘சைன்டு-ஆஃப்-பை’ வரி, லினக்ஸ் நிரல் தொடர்பாக எஸ்சிஓ நிறுவனம் தொடுத்த உரிமை வழக்கை அடுத்து 2004-ல் வந்தது.

திண்டிவனம்–மரக்காணம் சாலையில் உள்ள பெருமுக்கல் கிராமத்திலிருந்து ஒருவர் ஒட்டு அனுப்பப் பெரிய இணைய வசதி வேண்டியதில்லை. சிறு திருத்தம் சில கிலோபைட் உரைதான். இணைப்பு விட்டுவிட்டு வந்தாலும் கடிதம் போய்விடும். கற்றுக்கொள்ள மாவட்டத் தலைநகரில் விழுப்புரம் குனு/லினக்ஸ் பயனர் குழு இருக்கிறது. கிராமப்புற மாணவர்களைக் கட்டற்ற மென்பொருள் பக்கம் அழைத்து வருகிறது. ஒட்டுகளைப் பார்வையிட்டு ஏற்கும் கருநிரல் பராமரிப்பாளர்களின் பட்டியலிலேயே மணிவண்ணன் சதாசிவம் என்ற தமிழ்ப் பெயர் உண்டு. மோடம்களோடு பேசும் எம்எச்ஐ பகுதிக்கு வரும் ஒட்டுகள் அவர் பார்வைக்குச் செல்கின்றன.

முதல் ஒட்டு அப்படியே ஏற்கப்படுவது அரிது. பராமரிப்பாளர் வரிக்கு வரி கேள்வி கேட்பார். அனுப்பியவர் அந்தந்த வரியின் கீழேயே பதில் எழுதி, திருத்திய ஒட்டைத் தலைப்பில் ‘வி2’ என்று குறித்து மறுபடி அனுப்புவார். பதிலே வராவிட்டால் குறைந்தது ஒரு வாரம் பொறுத்து, ‘ரீசெண்ட்’ என்று தலைப்பிட்டு அதே ஒட்டை மீண்டும் அனுப்பலாம்.